வழி தேரும் கருவி

'ஆறு' என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது ஒரு பொருள். வழி என்பது மற்றொரு பொருள். ஒருவரை உரிய வழியிற் செலுத்துதலை நம் முன்னோர் ஆற்றுப்படுத்தல் என்றனர். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்த பாட்டுகள் ஐந்து உள்ளன. பயன் பெற்று மீண்ட ஒருவன், அப்பயனை நாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன இடத்தில் தங்குக என்று கூறுவதே அவ்விலக்கியத்தின் அமைப்பு. அவன் கூறும் வழி அவனே நடந்து கண்ட வழியாகும். ஆதலின் கேட்பவன் அதனை ஐயமின்றி நம்பிச் செல்லலாம்.

இக்காலத்தில் ஆற்றுப்படுத்தும் தொழிலைக் கருவி ஒன்றும் செய்துவருகிறது. அதனை ரூட்டர் என்று கடைகளில் விற்பர். திசைவி என்று நூல்களில் எழுதுவர். இணையத்தின் வழியே செல்லும் செய்தி ஒவ்வொன்றும் பல திசைவிகளைக் கடந்தே தன் இடத்தை அடைகிறது. திசைவியோ தான் இருக்கும் இடத்தை விட்டுப் பெயர்வதில்லை. தான் காட்டும் வழியில் அது ஒருநாளும் நடந்ததில்லை. அங்ஙனமிருக்க, அது வழியை எவ்வாறு அறிகிறது? பிறர் கூறுவதை எந்த அளவிற்கு நம்புகிறது? அந்நம்பிக்கை பொய்க்குமாயின் விளைவது யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பொதியும் அடுத்த படியும்

நாம் கைபேசியில் அனுப்பும் மடலும் படமும் ஒரே பொருளாகச் செல்வதில்லை. அவை சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்பெறுகின்றன. ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் பெறுவோர் முகவரியும் அனுப்புவோர் முகவரியும் பொறிக்கப்பெறும். இத்துண்டினைப் பொதி என்பர். செய்தியைப் பொதிகளாக்கி அனுப்பும் முறையை, 1960-களில், அமெரிக்க நாட்டுப் பால் பேரன் என்பாரும் இங்கிலாந்து நாட்டு டொனால்டு டேவிஸ் என்பாரும் தனித்தனியே ஆராய்ந்து கண்டனர். பேரன் காலத்துத் தொலைபேசி அமைப்பு, பெரிய நிலையங்கள் சிலவற்றை நடுவாகக் கொண்டிருந்தது. போர் மூண்டு அந்நிலையங்கள் அழியுமாயின் செய்திப் போக்குவரவு முழுதும் அற்றுப்போகும். ஆதலின், தலைமை நிலையம் என்று ஒன்றும் இல்லாத வலையமைப்பே வேண்டும் என்று அவர் கருதினார். அத்தகைய வலையில் ஒரு வழி அறுந்தால் பொதி மற்றொரு வழியே செல்லும்.

இக்கருத்துகளைத் தழுவி அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1969-ஆம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்த பல்கலைக்கழகத்தினின்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துகள் சென்ற அளவில் எதிர்ப்புறத்துக் கணிப்பொறி நின்றுவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவ்வலையில் இருந்த இடங்கள் நான்கே. அவற்றில் வைக்கப்பெற்றிருந்த பொறிகளே இன்றைய திசைவிகளுக்கு முன்னோர்.

திசைவியின் தொழிலில் முதற்கண் உணரத்தக்கது ஒன்று உண்டு. பொதி செல்லவேண்டிய வழி முழுவதையும் எந்தத் திசைவியும் வகுத்துக்கொடுப்பதில்லை. அது முகவரியை நோக்குகிறது. அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்று மட்டும் முடிவு செய்கிறது. ஒப்படைத்தபின் அப்பொதியை மறந்துவிடுகிறது. அடுத்த திசைவி அதனைப் பெற்று, அதற்கும் அடுத்த படியை முடிவு செய்கிறது. நாற்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம், ஊர் உள்ள திசையைக் காட்டுமேயன்றி உடன் நடந்து வாராது. வழிப்போக்கன் ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொரு கைகாட்டியை நோக்கி நடந்து ஊரை அடைகிறான். கைகாட்டிகள் ஒன்றோடொன்று முரணாத வரையில் அவனுக்கு இடர் இல்லை. ஒன்று கிழக்கே செல்க என்றும், கிழக்கே உள்ளது திரும்பவும் மேற்கே செல்க என்றும் காட்டுமாயின், அவன் இரண்டிற்கும் இடையே அலைந்துகொண்டே இருப்பான்.

பொதிகளுக்கும் இவ்வலைச்சல் நேர்வதுண்டு. அதனால், ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அதன் வாழ்நாளைக் குறிக்கும் எண் ஒன்று இடப்பெறுகிறது. அவ்வெண் 255-க்கு மேற்படாது. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். எண் சுழியாகிவிட்டால் அப்பொதியைத் திசைவி அழித்துவிடும். சுழலில் அகப்பட்ட பொதிகள் முடிவின்றிச் சுற்றி வலையை அடைத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

வழிப்பட்டியல்

திசைவி ஒவ்வொன்றும் தன்னிடம் ஒரு வழிப்பட்டியல் வைத்திருக்கிறது. இன்ன முகவரித் தொகுதிக்கு உரிய பொதி வந்தால் இன்ன அயலானிடம் ஒப்படைக்க என்பது அப்பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் உள்ள செய்தி. பரவலாக வழங்கும் முகவரி நான்கு எண்களால் ஆனது. 208.65.153.1 என்பது போல ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் உண்டு. அத்தனைக்கும் தனித்தனியே வரி எழுதுதல் இயலாது. ஆதலின், தொடர்ச்சியான முகவரிகளை ஒரு தொகுதியாகக் கொண்டு அத்தொகுதிக்கு ஒரு வரி எழுதுவர். உலகளாவிய பட்டியலை முழுமையாகத் தாங்கும் பெருந்திசைவிகளில் இவ்வாறு எழுதிய வரிகளே ஒன்பது இலட்சத்திற்கு மேல் உள்ளன.

ஒரு முகவரிக்கு ஏற்ற வரிகள் பல இருப்பின் திசைவி எதனைத் தேரும்? இதற்கு மூன்று விதிகள் உண்டு.

முதலாவது, சிறிய தொகுதியைக் குறிக்கும் வரியே வெல்லும். ஒரு மாவட்டத்திற்கு உரிய மடல்கள் எல்லாம் ஒரு பையில் இடுக என்று ஒரு கட்டளையும், அம்மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் மடல்களை மட்டும் வேறு பையில் இடுக என்று மற்றொரு கட்டளையும் இருந்தால், அவ்வூர் மடலை எதில் இடுவோம்? ஊரைக் குறித்த கட்டளையையே பின்பற்றுவோம் அன்றோ? திசைவியும் அவ்வாறே செய்கிறது. சிறப்பு விதி பொது விதியை விலக்கும் என்னும் இலக்கண முறைமையோடு இஃது ஒத்திருத்தல் காண்க.

இரண்டாவது, ஒரே அளவான தொகுதிக்கு இருவேறு வாயில்களினின்று செய்தி கிடைப்பின், நம்பத் தக்க வாயில் எதுவோ அதுவே வெல்லும். சிஸ்கோ நிறுவனத்தார் செய்யும் திசைவிகளில் ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் எண் முன்னரே குறிக்கப்பெற்றுள்ளது. எண் சிறிதாயின் நம்பிக்கை பெரிது. தன்னோடு நேரே இணைந்த வலைக்கு 0. மனிதர் கையால் எழுதிவைத்த வழிக்கு 1. பின்னர்க் கூறப்போகும் நெறிமுறைகளுள் ஓ.எஸ்.பி.எஃப். என்பதற்கு 110, ரிப் என்பதற்கு 120. தானே தொட்டறிந்ததற்கு முதலிடமும், தன்னை ஆள்வோர் எழுதியதற்கு இரண்டாமிடமும், அயலார் கூறக் கேட்டதற்கு அவற்றின் பின்னர் இடமும் தரப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது.

மூன்றாவது, ஒரே வாயிலினின்று பல வழிகள் கிடைப்பின் செலவு குறைந்த வழியே வெல்லும். செலவு என்றது ஈண்டுப் பணச் செலவு அன்று. கடக்கும் திசைவிகளின் எண்ணிக்கையாகவோ, வழியின் அகலத்தைப் பொறுத்த அளவாகவோ அது கொள்ளப்படும்.

நிலைவழி

வழிப்பட்டியலில் வரிகள் எழுதப்பெறும் முறை இருவகைப்படும். ஒன்று, திசைவியை ஆள்வோர் தம் கையால் எழுதுவது. இதனை நிலைவழி என்பர். மற்றொன்று, திசைவிகள் தம்முள் உரையாடித் தாமே எழுதிக்கொள்வது.

சிறு பள்ளி ஒன்றையோ, வெளியே செல்ல ஒரே வாயில் உடைய அலுவலகம் ஒன்றையோ எண்ணிப் பாருங்கள். அங்குள்ள கணிப்பொறிகளிலிருந்து வெளியே செல்லும் பொதி எதுவாயினும் அவ்வொரு வாயிலின் வழியே செல்லுதல் வேண்டும். அங்கே ஆராய்ச்சிக்கு இடம் ஏது? வேறு வரி பொருந்தாத பொதிகளை எல்லாம் இவ்வாயிலிலேயே விடுக என்று ஒரே ஒரு நிலைவழி எழுதிவிட்டால் போதும். இதனை இயல்புவழி என்பர். நம் இல்லங்களில் உள்ள சிறு திசைவிகளும் இவ்வாறே வேலை செய்கின்றன.

நிலைவழியின் நன்மைகள் சில. அயலார் கூறும் பொய்யால் அது மாறாது. உரையாடலுக்கு நேரமும் ஆற்றலும் செலவாவதில்லை. எழுதியவர் யார், எழுதியது என்ன என்பது தெளிவாக இருக்கும். ஆயினும், அதன் உறுதியே அதன் குறையும் ஆகிறது. திசைவியோடு நேரே இணைந்த கம்பி அறுந்தால் அது அறிந்துகொள்ளும். அதற்கு அப்பால், இரண்டாவது மூன்றாவது படியில் வழி அறுந்தால் நிலைவழி அதனை அறியாது. முன்போலவே பொதிகளை அத்திசையில் விட்டுக்கொண்டே இருக்கும். பாலம் இடிந்த பின்னும் பழைய கைகாட்டி அப்பாலத்தையே காட்டி நிற்பது போன்றது இது. மேலும், பத்துத் திசைவிகள் உள்ள இடத்தில் கையால் எழுதலாம். பல்லாயிரம் திசைவிகள் உள்ள இடத்தில் எழுதித் தீருமா? எழுதினாலும் ஒவ்வொரு மாறுதலுக்கும் அத்தனையும் திருத்தல் கூடுமா? ஆகவே, திசைவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறை இன்றியமையாததாயிற்று. அப்பேச்சின் இலக்கணத்தையே வழிநெறிமுறை என்கிறோம்.

அயலார் வாய்க் கேட்டல்

நெறிமுறைகளுள் எளியது, அயலாரைக் கேட்டறியும் முறை. ரிப் என்னும் நெறிமுறை இவ்வகையைச் சார்ந்தது. 1988-ஆம் ஆண்டில் அதன் விதிகள் எழுத்து வடிவில் வெளியிடப்பெற்றன. இம்முறையில் ஒவ்வொரு திசைவியும் 30 நொடிக்கு ஒருமுறை தன் பட்டியலை அயலாருக்கு மட்டும் அறிவிக்கும். இன்ன வலை எனக்கு இத்தனை படித் தொலைவில் உள்ளது என்பதே அறிவிப்பின் பொருள். கேட்ட திசைவி அவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டித் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பின்னர்த் தன் அயலாருக்கு அதனைக் கூறும். இவ்வாறு வாய்வழியே செய்தி வலை முழுதும் பரவுகிறது. ஆர்ப்பாநெட் வலையிலும் தொடக்கத்தில் இத்தகைய முறையே வழங்கியது.

இம்முறையில் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது. அ, ஆ, இ என்னும் மூன்று திசைவிகள் ஒரே வரிசையில் இணைந்துள்ளன என்று கொள்வோம். இ-க்கு அருகில் ஒரு வலை உண்டு. அதன் தொலைவு இ-க்கு 1, ஆ-க்கு 2, அ-க்கு 3. இப்பொழுது ஆ-க்கும் இ-க்கும் இடையே உள்ள கம்பி அறுந்துவிடுகிறது. ஆ தன் வழியை இழந்து நிற்கிறது. அவ்வேளையில் அ, தன் வழக்கப்படி, அவ்வலை எனக்கு 3 படித் தொலைவில் உள்ளது என்று அறிவிக்கிறது. அவ்வழி தன்னையே கடந்து செல்வது என்பதை ஆ அறியாது. எனவே, அ-வின் வழியே சென்றால் 4 என்று எழுதிக்கொள்கிறது. அதனைக் கேட்ட அ, தன் எண்ணை 5 ஆக்குகிறது. ஆ அதனை 6 ஆக்குகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி, இல்லாத வழியின் நீளத்தைப் பெருக்கிக்கொண்டே போகின்றனர். பொதிகளோ அவ்விருவரிடையே அலைகின்றன. அவர் இருவரும் பொய் கூற எண்ணினார் அல்லர். ஒருவர் கூறியதே மற்றவர் வாய்வழியாகத் திரும்பி வந்து, புதுச் செய்தி போலத் தோன்றியது.

இதற்கு அறிஞர் இரண்டு தடைகளை வகுத்தனர். 15 படிக்கு மேற்பட்ட தொலைவு இல்லை என்றும், 16 என்பது அடைய முடியாமையின் குறி என்றும் வரையறுத்தனர். அதனால் மேற்கூறிய ஏற்றம் 16-இல் நின்றுவிடும். ஒருவரிடம் கேட்டறிந்த வழியை அவரிடமே திரும்பக் கூறலாகாது என்பது இரண்டாவது தடை. இரண்டிற்கு மேற்பட்ட திசைவிகள் வட்டமாக இணைந்த இடத்தில் இரண்டாவது தடை மட்டும் போதாது. ஆகவே, 15 படிக்குள் அடங்கும் சிறு வலைகளுக்கே ரிப் ஏற்றதாயிற்று.

முழுப்படம் வரைதல்

கேள்வியால் வரும் இக்குறையை நீக்க வேறொரு முறை கண்டனர். இம்முறையில் திசைவி தான் கணக்கிட்ட தொலைவைப் பிறருக்குக் கூறுவதில்லை. தன்னோடு நேரே இணைந்தவர் யாவர், அவ்விணைப்பின் செலவு எவ்வளவு என்னும் தான் கண்ட செய்தியை மட்டுமே கூறும். அச்செய்தியை ஒவ்வொருவரும் மாற்றாமல் அடுத்தவருக்குத் தருவர். இறுதியில் எல்லாத் திசைவிகளிடமும் வலையின் முழுப்படம் அமைந்துவிடும். அப்படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் தானே குறுகிய வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

அக்கணக்கினைக் கண்டவர் ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பவர். 1956-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறத்தாழ இருபது மணித்துளிகளில் அம்முறையை மனத்தாலேயே அமைத்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார். 1959-ஆம் ஆண்டில் அது அச்சில் வெளிவந்தது. நகரங்களுக்கிடையே குறுகிய சாலைவழி காண்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கணிப்பொறி வலைகள் அப்பொழுது தோன்றவில்லை.

அம்முறையைச் சிறிய கணக்கொன்றால் விளக்குவோம். அ-விலிருந்து ஆ-வுக்குச் செலவு 4. அ-விலிருந்து இ-க்கு 1. இ-யிலிருந்து ஆ-வுக்கு 2. ஆ-விலிருந்து ஈ-க்கு 5. இ-யிலிருந்து ஈ-க்கு 8. அ என்னும் திசைவி ஈ-க்குச் செல்லும் வழியைத் தேடுகிறது. முதலில் தனக்கு மிக அண்மையில் உள்ள இ-யை 1 என்று உறுதி செய்கிறது. பின்னர், இ-யின் வழியே சென்றால் ஆ-வுக்கு 3 என்று காண்கிறது. நேரே செல்வதற்கு 4 ஆதலின் 3 என்பதையே கொள்கிறது. இ-யின் வழியே ஈ-க்கு 9 என்பதையும் குறித்துவைக்கிறது. எஞ்சியவற்றுள் அண்மையானது ஆ. அதனை 3 என்று உறுதி செய்கிறது. ஆ-வின் வழியே ஈ-க்குச் செல்லின் 8. இது முன்னர்க் குறித்த 9-இனும் குறைவு. ஆகவே அ, இ, ஆ, ஈ என்பதே குறுகிய வழி. இத்துணையும் கணக்கிட்ட பின்னர் அ தன் பட்டியலில் எழுதுவது ஒரே வரி: ஈ-க்கு உரிய பொதியை இ-யிடம் ஒப்படைக்க என்பதே அது. எஞ்சிய வழியை இ அறியும். அதுவும் இதே படத்தையே வைத்திருக்கிறது.

ஆர்ப்பாநெட் வலை 1979-ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாறியது. இன்று பெரிய நிறுவனங்கள் தம் வலைகளுக்குள் பெரிதும் கையாளும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறையும் இவ்வகையதே. அதன் முதல் வடிவம் 1989-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரிப் படிகளை மட்டும் எண்ணும், ஓ.எஸ்.பி.எஃப். வழியின் அகலத்தையும் கருதும். ஆகவே, குறுகலான ஒரு படியினும் அகன்ற இரண்டு படிகளே மேல் என்று முடிவு செய்ய அதனால் இயலும்.

முழுப்படம் இருந்தால் இடர் இல்லை என்று கருதுதல் கூடாது. 1980-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள் ஆர்ப்பாநெட் வலை முழுதும் பல மணி நேரம் செயலற்றுப் போயிற்று. செய்திகளுள் எது புதியது என்பதை அறிய ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 63 வரை ஓர் எண் இடுவது அக்காலத்து வழக்கம். 63-க்குப் பின் எண் மீண்டும் 0-விலிருந்து தொடங்கும். அன்று ஒரு பொறியில் நேர்ந்த பழுதினால் 44 என்னும் எண்ணுடைய செய்தி, 40 என்றும் 8 என்றும் சிதைந்து மூன்று செய்திகளாயிற்று. விதியின்படி 8-ஐ விட 40 புதியது; 40-ஐ விட 44 புதியது; எண் சுற்றி வருவதால் 44-ஐ விட 8 புதியது. ஆகவே மூன்றும் ஒன்றை ஒன்று வென்றுகொண்டு ஓய்வின்றிச் சுழன்றன. பொறிகள் யாவும் அவற்றை எடுத்துரைப்பதிலேயே ஈடுபட்டு, தம் தொழிலை மறந்தன. கம்பியின் வழியே செல்லும்போது செய்தி சிதையாமல் காக்கச் சோதனை இருந்தது. பொறியின் நினைவகத்தில் இருக்கும்போது காக்கச் சோதனை இல்லை. ஓரிடத்துச் சிறு பிழை, யாவரும் நம்பியதனால் யாவரையும் வீழ்த்தியது.

பிணையங்களுக்கிடையே

இதுகாறும் கூறியவை ஒரே ஆட்சிக்கு உட்பட்ட வலையைப் பற்றியன. இணையமோ ஒருவர் ஆட்சிக்கு உட்பட்டதன்று. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தொலைபேசிக் குழுமங்களும் தனித்தனியே நடத்தும் பிணையங்கள் எழுபதாயிரத்திற்கு மேற்பட்டவை ஒன்றுகூடியதே இணையம். இவற்றைத் தன்னாட்சிப் பிணையங்கள் என்பர். ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. இவை தம்முள் வழி பகர்ந்துகொள்ளும் நெறிமுறை பி.ஜி.பி. எனப்படும். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கூடிய கூட்டமொன்றில், யாக்கோவ் ரெக்டர், கிர்க் லாகீடு என்னும் பொறியியலார் இருவர், நண்பகல் உணவின்போது கைதுடைக்கும் தாள்களில் அதன் முதல் வரைவை எழுதினர்.

பி.ஜி.பி. முறையில் ஒரு பிணையம் தொலைவை மட்டும் கூறாது. செய்தி எந்தெந்தப் பிணையங்களைக் கடந்து வந்தது என்னும் வரிசை முழுவதையும் கூறும். கேட்கும் பிணையம் அவ்வரிசையில் தன் எண்ணைக் கண்டால் அச்செய்தியைத் தள்ளிவிடும். ரிப் முறையில் நேர்ந்த வீண் ஏற்றம் இங்கே நேராது. மேலும், குறுகிய வழியே இங்கு எப்பொழுதும் வெல்லும் என்பதில்லை. ஒப்பந்தம், கட்டணம் முதலியவற்றைக் கருதி, இன்னாரிடம் கேட்ட வழியை முதலில் கொள்க என்று ஒவ்வொரு பிணையமும் தனக்கேற்ற கொள்கையை வகுத்துக்கொள்ளும்.

ஆனால், ஒரு முகவரித் தொகுதி என்னுடையது என்று ஒரு பிணையம் அறிவித்தால், அஃது உண்மையா என்று ஆராயும் ஏற்பாடு இந்நெறிமுறையின் முதல் அமைப்பில் இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த சிலர் கூடிய காலத்தில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. அதன் விளைவை 2008-ஆம் ஆண்டில் உலகம் கண்டது.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், யூடியூப் என்னும் காட்சித் தளத்தைத் தன் நாட்டினர் காணாதபடி தடுக்குமாறு பாகிஸ்தான் அரசு ஆணையிட்டிருந்தது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0 முதல் 208.65.155.255 வரை 1024 கொண்ட ஒரு தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் என்னும் குழுமம், அதன் உட்பட்ட 208.65.153.0 முதல் 208.65.153.255 வரையுள்ள 256 முகவரிகள் தன்பால் உள்ளன என்று அறிவித்தது. நாட்டின் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டிய அவ்வறிவிப்பு வெளியே சென்றுவிட்டது. ஹாங்காங் நகரத்து பி.சி.சி.டபிள்யூ. என்னும் குழுமம் அதனை ஆராயாமல் ஏற்று உலகிற்குப் பரப்பியது. அப்பொழுது உலகப் பொதுநேரம் 18 மணி 47 மணித்துளி.

சிறிய தொகுதியே வெல்லும் என்னும் விதியை நினைவு கூருங்கள். 1024 முகவரிகளைக் குறித்த மெய்யான வரியை, 256 முகவரிகளைக் குறித்த பொய்யான வரி வென்றது. உலகின் பல பகுதிகளினின்றும் யூடியூபை நாடிய பொதிகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்று, அங்கே அழிந்தன. திசைவிகள் எவையும் பழுதுபடவில்லை. கம்பி ஒன்றும் அறுபடவில்லை. எல்லாத் திசைவிகளும் தமக்கு விதித்த விதியின்படியே நடந்தன. 20 மணி 7 மணித்துளிக்கு யூடியூப் தானும் அதே 256 முகவரிகளைத் தனித் தொகுதியாக அறிவித்தது. 20 மணி 18 மணித்துளிக்கு அதனை 128 கொண்ட இரண்டு தொகுதிகளாகப் பிரித்து அறிவித்தது. மேலும் சிறியவை ஆதலின் அவை வென்றன. 21 மணி 1 மணித்துளிக்கு ஹாங்காங் குழுமம் தவறான அறிவிப்பை விலக்கியது. இரண்டு மணி நேரத்திற்கு மேல், ஒரு நாட்டின் உள்நாட்டு ஆணை உலகத்தார் பலரைக் கட்டுப்படுத்தியது.

அன்று தடைப்பட்டது காட்சித் தளம் ஒன்றே. ஆயினும், அதே வழிகளில்தான் வங்கியின் கணக்கும், மருத்துவமனையின் ஏடும், பிரிந்திருக்கும் மக்கள் தாய்க்கு அனுப்பும் செய்தியும் செல்கின்றன. பொதி தவறான வாயிலுக்குச் செல்லுமாயின் அது தொலைதல் மட்டுமன்று. தீயோர் கையில் அகப்படுதலும் கூடும்.

சான்று காணல்

இத்தீங்கைத் தடுக்க அறிஞர் ஓர் ஏற்பாடு கண்டனர். முகவரித் தொகுதியின் உரிமையாளர், இன்ன பிணையமே இத்தொகுதியை அறிவிக்க உரிமை உடையது என்றும், இவ்வளவினும் சிறிய தொகுதியாக அறிவித்தல் கூடாது என்றும் ஒரு சான்று எழுதி, எண்வழிக் கையொப்பம் இட்டுப் பொதுவில் வைப்பர். கையொப்பத்தைப் பிறர் போலியாக இடுதல் அரிது. ஆர்.பி.கே.ஐ. என்னும் இவ்வேற்பாட்டின் அமைப்பு 2012-ஆம் ஆண்டில் எழுத்து வடிவில் வெளிவந்தது. இதனை மேற்கொண்ட பிணையம், தன்னிடம் வரும் அறிவிப்பைச் சான்றோடு ஒப்பிட்டு நோக்கும். சான்றுக்கு மாறானதைத் தள்ளும். 2008-ஆம் ஆண்டில் இஃது இருந்து, ஹாங்காங் குழுமமும் கையாண்டிருந்தால், அப்பொய் வரி நாட்டின் எல்லையிலேயே நின்றிருக்கும்.

ஆயினும், இச்சான்று முற்றும் போதுமானதன்று. தொகுதி யாருக்கு உரியது என்பதை அது காட்டும். இடையே உள்ள பிணையங்களின் வரிசை மெய்யா என்பதைக் காட்டாது. மேலும், சான்று எழுதுவோர் எழுதினால் மட்டும் போதாது. கேட்போர் அதனை ஒப்பிட்டு நோக்கவும் வேண்டும். ஒருவர் நோக்காது விட்டால் அவர் வழியே பொய் பரவும். ஆகவே, பெருவலைகளை நடத்துவோர், தம் வாடிக்கையாளர் அறிவிக்கத் தக்க தொகுதிகள் இவையே என்று முன்னரே வரையறுத்து, அல்லாதவற்றை வாயிலிலேயே தடுத்தலையும் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

நிலைவழி, பிறர் சொல்லைக் கேளாமையால் உறுதி பெறுகிறது. அக்கேளாமையாலேயே இடிந்த பாலத்தையும் காட்டி நிற்கிறது. நெறிமுறை, பிறர் சொல்லைக் கேட்பதால் மாறும் உலகோடு ஒத்து வாழ்கிறது. ஆராயாது கேட்பதால் பொய்க்கும் இடம் தருகிறது. கேளாதிருத்தலும் தீது, கேட்டதெல்லாம் கொள்ளுதலும் தீது. திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரத்தை அடுத்து அறிவுடைமை என்னும் அதிகாரம் வைக்கப்பெற்றிருக்கிறது. கேட்டலோடு அமையாது, கேட்டதை ஆராய்ந்து தெளிதலும் வேண்டும் என்பதை அவ்வைப்பு முறையும் நமக்கு உணர்த்துகிறது. ஆற்றுப்படை பாடிய புலவர் காட்டிய மாந்தர், தாம் கண்ட வழியையே பிறருக்குக் கூறினர். காணாத வழியைக் கூறவேண்டிய நிலையில் உள்ள கருவிகளுக்கும், அவற்றை ஆளும் மாந்தர்க்கும், சான்று நோக்கியபின் கூறுதலே கடமையாகும்.